இரத்தத்தில் ஊறியதா?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தைக் கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் எவரும் மறந்திருக்க முடியாது. நகரின் கருணாபுரத்தில் விற்கப்பட்ட பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி என்று நான்கு ஊர் மருத்துவமனைகளிலும் மரணம் தொடர்ந்தது. 65 பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவரில் பெரும்பாலோர் தினக்கூலித் தொழிலாளர். தாயும் தந்தையும் ஒருசேரப் போய்விட்ட வீடும் அங்கே உண்டு. கருணை என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அந்தத் தெருக்களில், வீட்டுக்கு வீடு பந்தல் நின்றது.

அந்த நாள்களில் ஒரு மாலை, தேநீர்க் கடை ஒன்றில் நமக்குத் தெரிந்த படித்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். நல்ல உள்ளம் படைத்தவர். ஞாயிறு தவறாதவர். அவர் நம் அருகில் வந்தமர்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: "என்ன பண்றது ஃபாதர்? அவங்க ரத்தத்துலேயே ஊறினது அது. இப்போ சயன்ஸே சொல்லுது, எல்லாம் ஜீன்ல எழுதியிருக்குதாம். நாம பேசி மாறப் போறதில்ல." சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். நாமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம்.

அந்த மௌனம் அன்று முதல் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உண்மையைச் சொல்வதானால், குற்றம் அவருடையது மட்டுமன்று. பல ஆண்டுகளுக்கு முன் நாமே மறையுரை ஒன்றில், குடிகாரத் தகப்பனின் மகனும் குடிக்கத் தொடங்கியதைக் குறிப்பிட்டு, 'பரம்பரைக் குணம் விடுமா?' என்று மேடைப் பேச்சுப் போலக் கேட்டதுண்டு. அந்த மகன் பின் வரிசையில் நின்றிருந்தான் என்பது பிறகே நமக்குத் தெரிய வந்தது. குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் கற்றோம், உயிரியலைக் கற்கவில்லை. ஆனால் கற்காத ஒன்றை மேற்கோள் காட்டுவதற்கு மட்டும் நாம் தயங்கவில்லை. எனவே, அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை, கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டு இன்று எழுதுகிறோம். அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பதிலும் ஆகும்.

முதலில் 'இரத்தத்தில் ஊறியது' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தைச் சிவப்பாக்குவன கோடிக்கணக்கான சிவப்பணுக்கள். நம் உடலின் ஏனைய உயிரணுக்கள் பெரும்பாலானவற்றில் உட்கரு ஒன்று உண்டு. மரபுக் கட்டளைகள் அதனுள்தான் காக்கப்படுகின்றன. முதிர்ந்த சிவப்பணுவிலோ அந்த உட்கருவே கிடையாது. எலும்பு மச்சையில் உருவாகும்போதே அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. ஆக, குலப்பெருமை பேசுவோரும் குலப்பழி பேசுவோரும் காலங்காலமாகச் சுட்டிக்காட்டிய அந்தச் செந்நிறத்தில் குலம் ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது உயிர்க்காற்றைச் சுமக்கும் கூலியாள், அவ்வளவே.

சரி, உட்கரு உள்ள உயிரணுவில் என்னதான் எழுதியிருக்கிறது? வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருப்பதால், வாசகர் சற்றுப் பொறுமை காட்ட வேண்டுகிறோம்.

நம் தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். உயிரணுவின் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலோ நான்கே எழுத்துகள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு தொகுதிகள் 46 குரோமோசோம்களாகச் சுருண்டு, ஒவ்வோர் உட்கருவிலும் அடங்கிக் கிடக்கின்றன. அந்த இழையை நீட்டினால் இரண்டு மீட்டர் அளவு வரும். இந்தப் பெருநூலில், புரதம் செய்வதற்கான கட்டளைகள் சுமார் 20,000 இடங்களில் எழுதப்பட்டுள்ளன. மரபணு என்றும் ஜீன் என்றும் சொல்லப்படுபவை முதன்மையாக இவையே.

கட்டளை எப்படிச் செயலாகிறது? நம் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றதை அறிவோம். அந்தப் பட்டறைகளை மனத்தில் கொள்வோம். தலைமுறை தலைமுறையாக வந்த மூல வரைபடத்தைச் சிற்பி ஒருவர் வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மரத்தூளிலும் எண்ணெயிலும் பாழாக்க மாட்டார். அன்றைய வேலைக்கு வேண்டிய பகுதியை மட்டும் மெல்லிய தாளில் படியெடுத்துக் கொண்டுவருவார். உயிரணுவும் அப்படியே செய்கிறது. மூலமான டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய மரபணு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. வெளியே ரிபோசோம் என்னும் பட்டறை காத்திருக்கிறது. அது அந்தப் படியை மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கிறது. நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் வரும். அவற்றுள் 61 சொற்கள், எந்த அமினோ அமிலத்தை அடுத்துக் கோக்க வேண்டும் என்று கூறுகின்றன. மூன்று சொற்கள் 'போதும், நிறுத்து' என்கின்றன. அமினோ அமிலங்களோ 20 வகையே. சிறிய கடத்து ஆர்.என்.ஏ.க்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கொடுக்க, ரிபோசோம் அவற்றை மாலைபோலக் கோக்கிறது. கோத்து முடிந்த மாலை தனக்குரிய வடிவில் மடிந்ததும், அது புரதமாகிறது. தசையும் தோலும், செரிக்கச் செய்யும் நொதியும், நோயை எதிர்க்கும் காவற்பொருளும் இத்தகைய புரதங்களே.

இந்த அறிவு நமக்கு அந்நியமான ஒன்றன்று. மரபு எண்ணிக்கைக்கு உட்பட்ட முறையில் கைமாறுகிறது என்பதை 1865இல் முதன்முதலாக எடுத்துரைத்தவர் கிரகோர் மெண்டல். அகுஸ்தீனார் சபைக் குரு. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்து எண்ணியவர். மும்மூன்று எழுத்துச் சொற்களின் பொருளைக் கண்டுபிடித்ததற்காக 1968இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஹர் கோபிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில், ஏறத்தாழ நூறு பேரே வாழ்ந்த சிற்றூரில், கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்தவர். ரிபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தார். அன்று சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. நம் மண்ணில் பிறந்த ஒருவர் உலகுக்குக் காட்டிய பட்டறையைப் பற்றி, நம் தேநீர்க் கடைகளில் பொய் பேசலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

ஏனெனில், அந்தப் பட்டறைக்கு வரும் கட்டளை ஒவ்வொன்றும் ஒரே இலக்கணத்தில் அமைந்தது: 'இந்த அமிலத்துக்குப் பின் அந்த அமிலத்தைக் கோ.' குடி, திருடு, சோம்பியிரு என்று சொல்வதற்கு அந்த மொழியில் சொல்லே இல்லை. எந்தக் கட்டளை எப்போது வாசிக்கப்பட வேண்டும், எத்தனை முறை படியெடுக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் பகுதிகளும் டி.என்.ஏ.யில் உண்டு. அவையும் பேசுவது படியெடுக்கும் வேலையைப் பற்றித்தானேயன்றி, மனிதனின் ஒழுக்கத்தைப் பற்றியன்று.

கருணாபுரத்தில் அந்த ஜூன் மாதத்தில் மரபணு செய்தது என்ன என்பதையும் பார்ப்போம். கல்லீரலில் ஆல்கஹாலை முறிக்கும் நொதி ஒன்று உண்டு. அந்தப் புரதத்தின் ஒவ்வொரு மாலையிலும் 374 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கும். அதற்கான கட்டளை நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. குடிப்பவருக்கு மட்டும் அமைந்த கட்டளையன்று அது. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத நம் அன்னையரின் கல்லீரலிலும் அந்த நொதி உண்டு. திருப்பலியில் சிறிதளவு இரசம் பருகும் குருவின் கல்லீரலிலும் உண்டு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் துளி அளவு ஆல்கஹாலையும் அது ஓசையின்றி முறித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நொதியிடம் எத்தனால் வந்தால், அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. வேறொரு நொதி அதைத் தீங்கு குறைந்த பொருளாக்குகிறது. மெத்தனால் வந்தாலும் இந்த நொதி வேற்றுமை பாராட்டாமல் தன் கடமையைச் செய்கிறது. ஆனால் அப்போது பிறப்பது ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து ஃபார்மிக் அமிலம். அந்த அமிலம் உயிரணுக்கள் உயிர்க்காற்றைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. கண் நரம்பை முதலில் தாக்குகிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்து, நொதி தன் வேலையை முடிக்க முடிக்க, பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது, உயிர் போகிறது. இந்த நோய்க்கு மருத்துவர் தரும் மாற்று மருந்தின் வேலையும், நொதியின் கையைக் கட்டிப்போடுவதே. நொதி வேலை செய்யாதிருந்தால், மெத்தனால் மெத்தனாலாகவே மெல்ல வெளியேறிவிடும்.

இதில் மரபணுவின் குற்றம் எங்கே? தாயின் வயிற்றில் பெற்ற கட்டளையை அது பிசகாமல் நிறைவேற்றியது. அந்த பாக்கெட்டை மாவட்ட ஆட்சியரோ ஆயரோ நாமோ குடித்திருந்தாலும், நம் கல்லீரலும் அதையே செய்திருக்கும். பிசகியது வேறிடம். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அது பீப்பாயில் ஏறி, வண்டியில் வந்து, கைமாறி, பாக்கெட்டில் அடைக்கப்பட்டு, நகரின் நடுவே விற்கப்பட்டது. இவ்வழியில் எத்தனை கண்கள் மூடிக்கொண்டன! ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சுக்கு 20 பேருக்கு மேல் பலியாகியிருந்தனர். எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. எச்சரிக்கையைக் கேட்பார்தாம் இல்லாமற் போயினர். 'ஜீனில் எழுதியது' என்று நாம் சொல்லும் கணத்தில், பீப்பாயை விற்றவனும் விடுதலை பெறுகிறான், கண்ணை மூடியவனும் விடுதலை பெறுகிறான். செத்தவனின் கல்லீரல் மட்டும் கூண்டில் நிற்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது நேர்மையான வாதம். அதைத் தட்டிக் கழிக்கலாகாது. மரபணுவில் ஒன்றுமே இல்லை என்றால் பரம்பரை நோய்கள் எங்கிருந்து வருகின்றன? இரட்டையரை ஆராய்ந்தவர்கள், மதுவுக்கு அடிமையாகும் போக்கில் ஏறத்தாழப் பாதி மரபைச் சார்ந்தது என்று சொல்லவில்லையா?

மரபணுவில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஓர் எழுத்து மாறினாலும் துன்பம் விளையும் என்பதற்கு அரிவாள் அணு நோயே சான்று. 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஈமோகுளோபின் மாலையில், ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே வேலின் வந்து அமர்ந்துவிடுகிறது. இதை 1957இல் வெர்னன் இங்ரம் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற பிள்ளைக்குச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைகின்றன. வலியும் சோகையும் வாட்டுகின்றன. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952லேயே தெரிய வந்தது. அதை ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் தனி இயக்கமே தொடங்கியது. மரபணு பேச வேண்டிய இடம் இதுவே: இன்ன எழுத்து, இன்ன புரதம், இன்ன நோய், இன்ன சிகிச்சை. இவ்வாறு ஒவ்வொரு படியையும் சுட்டிக்காட்ட முடியும்போதுதான் அது அறிவியல். 'அந்தத் தெருக்காரர்களின் ஜீன்' என்பதில் எந்தப் படியும் இல்லை. பழி மட்டுமே உண்டு.

மதுவைப் பொறுத்தும் ஓரெழுத்து மாற்றம் ஒன்று உண்டு. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் பலருக்கு அசிட்டால்டிஹைடை முறிக்கும் நொதி ஓரெழுத்து மாற்றத்தால் செயல் குன்றியிருக்கிறது. சிறிது குடித்தாலே முகம் சிவந்து குமட்டுவதால், அவர்கள் குறைவாகவே குடிக்கின்றனர். இந்தியாவில் இந்த மாற்றம் மிக அரிது. ஆக, இங்கே இழிவாகப் பேசப்படும் கூலித் தொழிலாளிக்கும், விடுதி மாடியில் குளிரூட்டிய அறையில் கண்ணாடிக் குவளை ஏந்துபவருக்கும், இந்த நொதியைப் பொறுத்தவரை பெரிய வேற்றுமை ஏதும் இல்லை. பின்னவரைப் பார்த்து 'இரத்தத்தில் ஊறியது' என்று எவரும் சொல்வதில்லை; 'விருந்து' என்கிறோம். முன்னவருக்கு மட்டும் ஜீன்!

இரட்டையர் ஆய்வின் 'பாதி' என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாக்கிவிடுவோம். ஒரே மூட்டை மக்காச்சோள விதையில் பாதியைக் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயலிலும், பாதியைக் கல்வராயன் மலைச்சரிவில் மானாவாரியாகவும் விதைக்கிறோம். பாசன வயலுக்குள் ஒரு பயிர் இன்னொன்றைவிட உயர்ந்திருந்தால், அதில் விதையின் பங்கு பெரிதாக இருக்கலாம். அதற்காக, சரிவின் பயிர் முழுவதும் குட்டையாக இருப்பதற்கும் விதைதான் காரணம் என்று சொல்பவன் உழவனாக இருக்க முடியாது. இரட்டையர் ஆய்வு கூறுவது, ஒத்த சூழலில் வாழ்வோரிடையே காணும் வேற்றுமையைப் பற்றி. அதிலும் சிறுசிறு பங்குள்ள மரபணுக்கள் பலப்பல. ஒரு தெருவையும் இன்னொரு தெருவையும், ஒரு சாதியையும் இன்னொரு சாதியையும் அது ஒப்பிடவில்லை. அப்படி அதை இழுத்துவந்து பேசுவது, அறிவியலின் பெயரால் சாதி பேசுவதே.

கல்வராயன் மலையைக் குறிப்பிட்டோம். 'சாராயம் காய்ச்சுவது அந்த மலைக்காரன் பிறவிக் குணம்' என்பது சமவெளியில் உலவும் இன்னொரு பேச்சு. அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருபவர்கள். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும், 1976இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை, அம்மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மக்கள் வரி கட்டியும் கூலியின்றி உழைத்தும் காலம் கழித்தனர். சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பிந்தியே வந்தன. பல சிற்றூர்களுக்கு அரைகுறையாகவே வந்தன. கருணாபுரத் துயருக்குப் பின், 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாராயத்தைப் பற்றி விசாரிக்கப் புகுந்தவர்கள் சாலையைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் கேட்க வேண்டியதாயிற்று. நோயின் மூலத்தை நீதிமன்றம் தேடிய இடம் அது. நாமோ இன்னும் குரோமோசோமில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெல்லமும் வேலம்பட்டையும் ஊறி வடிவது எத்தனால். அதுவும் சட்டத்துக்குப் புறம்பானது, குடும்பங்களை அழிப்பது. அதற்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்ற மெத்தனால் மலை ஊறலில் பிறந்ததன்று. இந்த வேறுபாட்டைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மலையையே பழிப்பது நீதியாகுமா?

பிறவிப் பழி என்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றி, 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. பிறந்த குழந்தையும் எதிர்காலக் குற்றவாளியாகவே எண்ணப்பட்டது. நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட 1952 ஆகிவிட்டது. அமெரிக்காவில் 1927இல் உச்ச நீதிமன்றமே, 'தாழ்ந்த மரபினர்' என்று முத்திரை குத்தப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்குவதற்கு இசைவு தந்தது. இந்தப் போக்கைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1930ஆம் ஆண்டின் சுற்றுமடலில் கண்டித்தார். அந்தக் காலத்தில் டி.என்.ஏ.யின் வடிவம்கூட யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் பெயரால் அவர்கள் கொடுமை செய்தனர். தெரிந்துகொள்ளும் வாய்ப்பிருந்தும் அதே பேச்சைப் பேசுவோமானால், நம் குற்றம் அவர்களுடையதைவிடப் பெரிதன்றோ!

மரபணுவைப் பற்றிப் பேச விரும்புவோர் பேசட்டும். ஆனால் முழுவதும் பேசட்டும். கட்டளை மட்டும் இருந்தால் புரதம் வந்துவிடாது. மாலை கோக்க மணிகள் வேண்டும். 20 அமினோ அமிலங்களுள் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். அவற்றுள் ஒன்று வந்து சேரவில்லையென்றாலும், கட்டளை எவ்வளவு திருத்தமாக எழுதப்பட்டிருந்தாலும், பட்டறையில் வேலை தடைபடும். மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவிவிட்டது. மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து நிறைய உண்டு. புரதமோ மிகச் சொற்பம். கிழங்கே பெரும்பாலும் உணவாகிவிட்ட வீட்டில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றி நின்றால், அதன் மரபணுவைக் குறை கூறுவது, கல்லும் மணலும் கொடுக்காமல் கொத்தனாரைத் திட்டுவதற்கு ஒப்பாகும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், பின்னர் அதில் சேர்ந்த முட்டையும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நம் மாநிலத்தின் குழந்தைகளுக்குச் செய்தது இதுதான்: உள்ளே எழுதியிருந்ததை நிறைவேற்றப் பொருள் கொடுத்தன. மரபணுவை உண்மையிலேயே மதிப்பவர், அந்த முட்டை மலைப்பள்ளிக்கு நாள் தவறாமல் போய்ச் சேருகிறதா என்று கேட்கட்டும்.

குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டாம். கையில் எடுத்தவனுக்கு அவன் பங்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பையும் கெடுப்பதுதான் 'இரத்தத்தில் ஊறியது' என்னும் பேச்சு. பிறப்பிலேயே தீர்ந்துவிட்டது என்றால் மனந்திரும்புதல் எதற்கு? ஒப்புரவு அருளடையாளம் எதற்கு? குடிநோயாளர் மறுவாழ்வு இல்லங்கள் எதற்கு? தலையெழுத்து என்று முன்னோர் சொன்னபோது, அது மூடநம்பிக்கை என்று நம் மறைக்கல்வி வகுப்பில் கண்டித்தோம். இன்று தலையிலிருந்த அதே எழுத்தை எடுத்து உயிரணுவுக்குள் ஒட்டிவைத்து, அதற்கு அறிவியல் என்று பெயர் சூட்டுகிறோம். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம், இவனுடையதா, இவன் பெற்றோருடையதா என்று சீடர்கள் ஆண்டவரைக் கேட்டனர். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் நமக்குத் தெரிந்ததே. ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் சேற்றை உண்டாக்கி அவர் கண்களில் பூசினார். மெத்தனால் பறித்த கண்களைச் சுற்றி நின்றுகொண்டு, நாம் சீடர்களின் கேள்வியையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. குருக்களாகிய நாம் 'பரம்பரைக் குணம்' என்னும் சொல்லை மறையுரை மேடையிலிருந்து அகற்ற வேண்டும். பத்தாம் வகுப்பில் மரபியல் கற்பிக்கும் நம் பள்ளி ஆசிரியர்கள், பாடத்தோடு சேர்த்து இந்தப் பொய்யையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பங்குப் பேரவைகள், மெத்தனால் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது என்று அதிகாரிகளைக் கேட்கும் துணிவு கொள்ள வேண்டும்.

அந்த ஜூன் மாதத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது; நன்று. அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்குப் போகின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருவர் ஒருநாள் கணக்கில் மதிப்பெண் குறைவாக வாங்கலாம். அல்லது பள்ளி வேலியைத் தாண்டிக் குதித்துப் பிடிபடலாம். பிள்ளைகள் செய்வதுதான் அது. அப்போது, 'அப்பன் புத்தி, ரத்தத்தில் ஊறியது' என்று சொல்ல ஒரு வாய் திறக்கும். அருகில் நிற்பவர் நாமாக இருந்தால், இம்முறை எழுந்து போய்விடாமல், அங்கேயே அதை மறுத்துப் பேச வேண்டும். அன்று பின் வரிசையில் நின்ற அந்த மகனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.